ஊர் பெருத்துவிட்டது என்றால், பெருத்தது எது? உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே பார்க்கும் முறை

மூன்று சென்சஸ்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவள் நான்: 1991, 2001, 2011. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை வேலை. அதோடு ஒட்டி வந்தது இந்த வேலை. எங்கள் ஊர் திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கிறது. முதல் தடவை போனபோது ஒரு தோட்டத்துச் சாளைக்கும் (தோட்டத்து வீட்டைச் சாளை என்போம்) அடுத்த சாளைக்கும் நடுவில் சோளக்காடு. நாய்க்குப் பயந்து கையில் குச்சியோடு நடந்தேன். மூன்றாம் தடவை அதே தடத்தில் இரு பக்கமும் லைன் வீடுகள், வாடகைக்கு விட வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன ரூம்கள். சோளக்காடு இருந்த இடத்தில் பனியன் கம்பெனி. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் போனால்தான் ஆட்களைப் பார்க்க முடிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு கிராம சபைக்குத் தவறாமல் போகிறேன். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது எழுந்து "ஊர் பெருத்துப் போச்சுங்க" என்று ஆரம்பிப்பார்கள். பெருத்தது ஆளா, வீடா, ஊர் எல்லையா என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. பிரித்துச் சொல்லாததால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊர் பெருத்துவிட்டது என்று மனுப் போட்டு எங்கள் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை வாங்கினோம். கட்டி முடித்த வருசம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் ஒன்பது பேர். அதே வருசம் லைன் வீட்டுப் பெண்கள் விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தோடு குழாயடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் பெருத்தது உண்மைதான். பெருத்தது குழந்தைகளால் அல்ல, வேலைக்கு வந்த வயசுப் பிள்ளைகளால். வேண்டியிருந்தது தண்ணீர்த் தொட்டி; நாங்கள் வாங்கியது வகுப்பறை.

அப்படி ஒரு தவறு உங்கள் ஊரில் நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு, பென்சில், இணையம் உள்ள ஒரு போன், நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் உங்கள் ஊர் எது என்று பாருங்கள்

நாம் ஊர் என்று சொல்வதும் சென்சஸ் ஊர் என்று சொல்வதும் ஒன்றல்ல. சென்சஸில் கிராமம் என்றால் வருவாய் கிராமம். நம் கொங்குப் பக்கத்தில் ஒரு வருவாய் கிராமத்துக்குள் பத்துப் பதினைந்து குக்கிராமங்கள் அடங்கிவிடும். ஊராட்சியின் எல்லை வேறு மாதிரி ஓடும். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் வருவாய் கிராமத்தின் பெயரையும், 2011 சென்சஸில் அதற்குக் கொடுத்த ஆறு இலக்க எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். சென்சஸ் இணையதளத்தில் உங்கள் மாவட்டத்தின் சென்சஸ் கையேடு இருக்கிறது. அதில் ஊர்வாரியாக மொத்த ஆட்கள், ஆண், பெண், 6 வயது வரையுள்ள குழந்தைகள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், வேலை செய்பவர்கள், குடும்பங்கள் என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். 2001க்கும் 2011க்கும் உங்கள் ஊர் வரியை எடுத்து அருகருகே எழுதுங்கள். 1991 கையேடு கிடைத்தால் இன்னும் நல்லது.

எழுதியதும் கழித்துப் பார்க்கக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பத்து வருசத்தில் எல்லை மாறியதா என்று கேட்டுவிட்டுக் கழியுங்கள். இதற்குத் திருப்பூரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. திருப்பூர் நகரத்தில் 1991ல் 2,35,661 பேர். 2001ல் 3,44,543. பத்து வருசத்தில் 46 சதவீத வளர்ச்சி. 2011ல் எத்தனை என்று தேடினால் இரண்டு எண்கள் வரும்: 4,44,352 என்று ஒன்று, 8,77,778 என்று ஒன்று. இரண்டும் சரிதான். முதலாவது பழைய எல்லைக்குள் இருந்தவர்கள். இரண்டாவது, வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்த்த பிறகு வந்த கணக்கு. பழைய எல்லையை வைத்தால் வளர்ச்சி 29 சதவீதம். புது எல்லையை வைத்து 2001ஓடு ஒப்பிட்டால் 155 சதவீதம். ஒரு ராத்திரியில் கோடு மாறியதற்கும் ஆள் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் அது.

அந்த 46, 29 என்ற எண்களையும் இன்னொரு தரம் பாருங்கள். பழைய எல்லைக்குள் வளர்ச்சி குறைந்திருக்கிறது. திருப்பூர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நடுவில் இடம் தீர்ந்து, வாடகை ஏறி, ஆட்கள் எங்கள் ஊர் மாதிரி ஓரத்து ஊர்களுக்கு வந்துவிட்டார்கள். சென்னையிலும் இதே கதைதான். 2001க்கும் 2011க்கும் நடுவில் சென்னை மாவட்டம் வளர்ந்தது 7 சதவீதம், பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம். நகரம் ஓரத்தில்தான் வளரும். நீங்கள் ஓரத்து ஊரில் இருந்தால் பெரிய நகரத்தின் கணக்கைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

வளர்ச்சியைக் கணக்கிடுவது

கணக்கு எளிது. புதியதிலிருந்து பழையதைக் கழித்து, வந்ததைப் பழையதால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். பத்தாண்டு வளர்ச்சி சதவீதம் வந்துவிடும். இதே வேகத்தில் போனால் ஊர் இரட்டிக்க எத்தனை வருசம் என்று தெரிய வேண்டுமானால், வருச வளர்ச்சி சதவீதத்தால் 70ஐ வகுங்கள். பத்து வருசத்துக்கு 46 சதவீதம் என்றால் வருசத்துக்குச் சுமார் 3.8 (கூட்டு வட்டி மாதிரி ஏறுவதால் 4.6 அல்ல). 70ஐ 3.8ஆல் வகுத்தால் 18 வருசம். ஒரு பிள்ளை பிறந்து ஓட்டுப் போடும் வயசுக்கு வருவதற்குள் நகரம் இரண்டு மடங்கு. குழாய், சாக்கடை, சுடுகாடு எதுவும் அந்த வேகத்தில் இரட்டிக்கவில்லை.

மாநிலத்தின் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள், அளவுகோலாக இருக்கும். தமிழ்நாட்டில் 1991ல் 5.59 கோடி, 2001ல் 6.24 கோடி, 2011ல் 7.21 கோடி. வளர்ச்சி முதல் பத்தாண்டில் 11.7 சதவீதம், அடுத்ததில் 15.6 சதவீதம்.

நான் பாடம் நடத்தும்போது இந்த இடத்தில் நிறுத்துவேன். குடும்பத்துக்கு ஒன்று, இரண்டு என்று பிறப்பு குறைந்துகொண்டே வந்த காலம் அது. 1992–93ல் நடந்த முதல் தேசியக் குடும்பநல ஆய்விலேயே தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.5 குழந்தை என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. 2019–21 ஆய்வில் 1.8. அப்பன் ஆத்தாளின் இடத்தை நிரப்ப வேண்டுமானால் 2.1 தேவை. பிறப்பு இறங்கும்போது வளர்ச்சி ஏன் ஏறுகிறது? பிறந்து வளருவது மட்டுமே வளர்ச்சி இல்லை என்பதுதான் பதில். எங்கள் லைன் வீடுகளில் முதலில் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கத்துக் குடும்பங்கள் வந்தன. அது மாநிலத்துக்குள் இடம் மாறியது. மாநில மொத்தத்தைத் தொடாது. பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் பிள்ளைகள் வந்தார்கள். அது மாநில மொத்தத்தையே ஏற்றும். இன்னொன்றும் உண்டு: அதிகம் பிறந்த காலத்துப் பெண்கள் அப்போதுதான் பிள்ளை பெறும் வயசில் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டே பெற்றாலும், பெறுகிறவர்கள் நிறையப் பேர். பிறப்பு விகிதம் இறங்கிய பிறகும் ஒரு தலைமுறைக்கு ஊர் வளர்ந்துகொண்டே இருக்கும் காரணம் அது.

குழந்தைகளை எண்ணுங்கள், ஆனால் பிறப்புப் பதிவேட்டில் அல்ல

ஊர்க் கணக்கில் 6 வயது வரையுள்ள குழந்தைகள் என்று ஒரு கட்டம் உண்டு. அதை மொத்தத்தால் வகுத்துப் பாருங்கள். மாநில அளவில் 2001ல் நூற்றுக்கு 11.6ஆக இருந்தது 2011ல் 10.3 ஆயிற்று. உங்கள் ஊர் அதற்கு மேலா கீழா என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

2011க்குப் பிறகு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமே. பலர் பிறப்புப் பதிவேட்டைத் தேடிப் போவார்கள். அது உங்களை ஏமாற்றும். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில். உங்கள் ஊர்ப் பதிவேடு காலியாகக் கிடக்கும், ஆஸ்பத்திரி உள்ள ஊரின் பதிவேடு நிரம்பி வழியும். போதாததற்குத் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். அதனால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். தகுதியுள்ள தம்பதியர் (பிள்ளை பெறும் வயசில் இருப்பவர்கள்), கர்ப்பிணிகள், தடுப்பூசி போட்ட குழந்தைகள் என்று அவரிடம் இருக்கும் கணக்கு ஊருக்குள் குடியிருப்பவர்களின் கணக்கு. பால்வாடிப் பதிவேடும் உதவும். பெயர் கேட்காதீர்கள், தனிப்பட்ட விவரம் கேட்காதீர்கள். வருசத்துக்கு எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும் கேட்டால் மறுக்க மாட்டார்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் நல்ல சாட்சி. ஒன்று மட்டும் கவனம் வேண்டும். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சுருங்கினால் குழந்தைகளே சுருங்கிவிட்டார்கள் என்று உடனே எழுதிவிடாதீர்கள். காலையில் ஊர் முக்கில் நின்று, மஞ்சள் வேனில் ஏறும் பிள்ளைகளையும் எண்ணிச் சேருங்கள். நான் வேலை பார்த்த கடைசி வருசங்களில் எங்கள் பதிவேட்டில் வேறொரு மாற்றம். தாய்மொழி என்ற கட்டத்தில் ஒடியா, இந்தி என்று எழுத ஆரம்பித்தேன். அந்தப் பிள்ளைகள் வந்திராவிட்டால் எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைத்திருப்பார்கள். ஒடியா பேசும் வீட்டுச் சிறுமி ஒருத்தி மூன்றே மாதத்தில் "டீச்சர், அவன் என்ற பென்சிலை எடுத்துட்டானுங்க" என்று எங்கள் ஊர்த் தமிழில் முறையிட்டாள். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோசம்.

வயசுப் படியில் ஏறிப் பார்ப்பது

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. வந்தவர்கள் எத்தனை, போனவர்கள் எத்தனை என்று யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம். 2001ல் 10 முதல் 14 வயதில் இருந்தவர்கள் 2011ல் 20 முதல் 24 வயதில் இருப்பார்கள். அவர்கள்தானே இவர்கள்! ஒரு பேச்சுக்கு, 2001ல் அந்தப் படியில் 400 பேர் இருந்ததாக வைத்துக்கொள்வோம். அந்த வயசில் சாவு குறைவு. யாரும் வரவில்லை, போகவில்லை என்றால் 2011ல் 400க்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். 620 இருந்தால் இருநூற்று இருபதுக்குக் குறையாமல் வெளியாட்கள் வந்திருக்கிறார்கள். 260 என்றால் நூற்று முப்பது பேருக்கு மேல் ஊரைவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆணுக்குத் தனியாக, பெண்ணுக்குத் தனியாகப் பாருங்கள். பெண்கள் கல்யாணமாகிப் போவதும் வருவதும் இருக்கும், அது தனிக் கணக்கு.

ஒரு சிரமம். ஐந்தைந்து வயசாகப் பிரித்த அட்டவணை மாவட்ட அளவில் கிடைக்கும், கிராம அளவில் கிடைக்காது. மாவட்டத்துக்கு சென்சஸ் அட்டவணையை வைத்துப் போடுங்கள். கிராமத்துக்கு வாக்காளர் பட்டியல் இருக்கிறது. வயசு போட்டிருக்கும், 18க்கு மேல் உள்ளவர்களை வைத்து இதே படியைக் கட்டலாம். வந்து குடியேறியவர்களில் நிறையப் பேருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே வாக்காளர் பட்டியல் போனவர்களைக் காட்டும் அளவுக்கு வந்தவர்களைக் காட்டாது.

வயசுக் கணக்கில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 40, 45, 50, 60 போன்ற வயசுகளில் கூட்டம் அதிகமாக இருக்கும். வயசு தெரியாதவர்கள் முழு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். 1991ல் ஒரு ஆத்தாவிடம் வயசு கேட்டேன். "எனக்கென்ன கண்ணு, ஒரு அம்பது இருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற மூத்த மகனைப் பார்த்தால் நாற்பது இருக்கும். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், ஊருக்குத் தெரிந்த சம்பவத்தை வைத்துக் கேட்கச் சொல்லி. "சீனாக்காரன் சண்டை வந்தப்ப மூத்தவன் என்ன பண்ணீட்டிருந்தானுங்க?" என்றேன். "பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டிருந்தான்." அது 1962. பையனுக்கு அப்போது பத்து என்றால், ஆத்தாவுக்கு இருபத்தெட்டு, முப்பது. கணக்குப் போட்டு ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். தனுஷ்கோடிப் புயல் 1964, இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965, எம்.ஜி.ஆரைச் சுட்டது 1967, இந்திரா காந்தி இறந்தது 1984. உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு வரிசை எழுதி வையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பேசும்போது வருசம் பிடிக்க இதைவிட நல்ல கயிறு இல்லை.

ஆணும் பெண்ணும்

ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்று கணக்கிடுங்கள். 2011ல் மாநிலச் சராசரி 996. நீலகிரியில் 1,042, மாநிலத்திலேயே அதிகம். அதே பத்தாண்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டமும் நீலகிரிதான்: 7,62,141லிருந்து 7,35,394. இரண்டு எண்ணையும் சேர்த்துப் படித்தால், வேலை தேடி மலையிறங்கிய ஆண்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். எங்களைப் போன்ற ஊரில் நேர்மாறாக, ரூம் எடுத்துத் தங்கும் பையன்களால் ஆண்கள் எண்ணிக்கை ஏறியிருக்கும்.

6 வயது வரையுள்ள குழந்தைகளில் ஆண், பெண் கணக்கைத் தனியாகப் போடுங்கள். இங்கே யாரும் வேலைக்கு வருவதும் இல்லை, போவதும் இல்லை. பெண் குறைந்தால் அது ஊர் செய்த வேலை. சேலம் மாவட்டத்தில் 2001ல் ஆயிரம் ஆண் குழந்தைக்கு 851 பெண் குழந்தைகள்தான். பெண் சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல் அங்கே தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. 2011ல் 916க்கு வந்திருக்கிறது, இன்னும் போதாது. உங்கள் ஊர் சிறியதாக இருந்தால் ஒரு வருசத்து எண்ணை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். இருபது குழந்தைகளில் எட்டுப் பெண் என்பது தற்செயலாகவும் நேரும். பத்து வருசம் சேர்த்துப் பார்த்தும் அப்படியே இருந்தால், ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

ஆள் வேறு, குடும்பம் வேறு

தண்ணீர், ரேஷன், மின்சாரம், குப்பை எல்லாம் குடும்பக் கணக்கில் ஓடுகிறது. சென்சஸில் குடும்பம் என்றால் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள். ஒரே கூரைக்குக் கீழே அண்ணன் தம்பி தனித்தனி அடுப்பு வைத்தால் இரண்டு குடும்பம். சொந்தமே இல்லாத எட்டுப் பையன்கள் சேர்ந்து ஆக்கித் தின்றால் ஒரு குடும்பம். மொத்த ஆட்களைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் தமிழ்நாட்டில் 2011லேயே நாலுக்குக் கீழே வந்துவிட்டது. ஆள் கூடாமலே வீடு கூடும் என்பதை இது காட்டும். பெரிய வீடு மூன்றாகப் பிரிந்தால் மூன்று குழாய், மூன்று மீட்டர், மூன்று கழிப்பறை. "ஆளே கூடலை, எதுக்கு இன்னும் தண்ணி?" என்று கேட்பவருக்கு இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டுங்கள்.

மறுபக்கம், ஒரே வாசலுக்குள் எத்தனை பேர் என்று கண்டுபிடிப்பது கடினம். 2011ல் ஒரு லைன் வீட்டுக்காரரிடம் கேட்டேன், பத்துக்குப் பத்து ரூம். "ரெண்டு பேருதானுங்க டீச்சர்" என்றார். வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. கொடியில் ஒரே அளவில் ஏழெட்டுப் பேண்ட். ஜன்னல் திட்டில் ஒரு பிளாஸ்டிக் மக், அதில் பல் துலக்கும் பிரஷ் நிறைய. நான் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்தேன். ஷிப்ட் முடிந்து பையன்கள் வந்தார்கள், எட்டுப் பேர். ஒருவன் கட்டிங், இரண்டு பேர் செக்கிங், மற்றவர்கள் டெய்லர். ஒவ்வொருவராகப் பேர் சொன்னார்கள். ஒருவனுக்குத் தன் மாவட்டத்தின் பெயரை நான் எழுதுவதை எட்டிப் பார்க்க ஆசை. ஒடிசாவில் கஞ்சம் என்றான். எழுதியதும் விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தான். வீட்டுக்காரர் பொய் சொன்னது கெட்ட எண்ணத்தில் அல்ல, வீட்டு வரி ஏறும் என்ற பயத்தில். சென்சஸில் சொல்வது வரிக்குப் போகாது, போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். அந்த எட்டுப் பேர் இரண்டாக எழுதப்பட்டிருந்தால் ஆறு பேர் குடிக்கும் தண்ணீர் கணக்கிலேயே இருந்திருக்காது.

கணக்கெடுத்த மாதத்தையும் கவனியுங்கள். 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நாங்கள் ஆள் கணக்கு எடுத்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. என் வட்டாரத்தில் சில ரூம்கள் பூட்டிக் கிடந்தன. வேலை நின்று ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள் பக்கத்து வீட்டார். அவர்கள் அந்தக் கணக்கில் திருப்பூர்க்காரர்கள் இல்லை. உங்கள் ஊர் எண்ணைப் படிக்கும்போதும் அந்த மாதம் அறுவடையா, வேலையில்லாக் காலமா, பஞ்சமா என்று பெரியவர்களைக் கேட்டு ஓரத்தில் எழுதுங்கள்.

உங்கள் கிராமம் இன்னும் கிராமம்தானா?

சென்சஸ் ஒரு இடத்தை நகரம் என்று சொல்ல மூன்று நிபந்தனை வைத்திருக்கிறது: 5,000 பேராவது இருக்க வேண்டும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும், முதன்மை வேலை செய்யும் (வருசத்தில் ஆறு மாதமாவது வேலை பார்த்த) ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்திவிட்டால், ஊராட்சியாகவே இருந்தாலும் அது சென்சஸ் நகரம்.

கையேட்டை வைத்து நீங்களே சோதிக்கலாம். முதன்மை வேலை செய்யும் ஆண்கள் 1,600, அதில் விவசாயிகள் 150, விவசாயக் கூலிகள் 190 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1,260. அதை 1,600ஆல் வகுத்தால் நூற்றுக்கு 79. தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் 2001ல் இப்படி 111 ஊர்கள் இருந்தன, 2011ல் 376. நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்து மாநிலத்தில் நூற்றுக்கு 48 பேர் நகரத்தில் இருக்கிறார்கள் என்றார்கள் 2011ல். அவர்களில் ஒரு பகுதியினர், நகரத்தில் வாழ்ந்தும் ஊராட்சியிடம்தான் சாக்கடைக்கு மனுக் கொடுக்கிறார்கள்.

என் மனசுக்கு மிகவும் வேதனை தருவது இந்த நடு நிலைதான். ஆள் நெருக்கம் நகரத்துடையது. பணியாளர்களும் பணமும் கிராமத்துடையது. எங்கள் ஊரில் மாநகராட்சியோடு சேரலாமா என்று பேச்சு வந்தபோது, நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று வயசான பெண்கள் அழுதார்கள். அவர்கள் பயம் நியாயம். லைன் வீட்டுப் பெண்களுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டும் என்பதும் நியாயம். சேர்வதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டில் அந்த 79 என்ற எண்ணைப் போட்டுக்கொண்டு பேசினால் பேச்சு வேறு மாதிரிப் போகிறது.

வயசானவர்கள்

2011ல் தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் நூற்றுக்கு 10.4, நாட்டுச் சராசரி 8.6. இப்போது இன்னும் கூடியிருக்கும், ஏனென்றால் அதற்குத் தேவையான ஆட்கள் எல்லாரும் ஏற்கெனவே பிறந்து வளர்ந்து நிற்கிறார்கள். உங்கள் ஊரில் தெருத் தெருவாக நடந்து, வயசானவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகளை எண்ணுங்கள். லைன் வீட்டுத் தெருவில் ஒன்றும் இருக்காது. பழைய ஊருக்குள், கோயில் பக்கத்துத் தெருவில், பையன் கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ, பெண் கட்டிக் கொடுத்த ஊரிலோ இருக்க, இரண்டு கிழங்கள் ஒரு பசுவோடு இருக்கும். ஒரே ஊரில் ஒரு பக்கம் இளந்தாரி, ஒரு பக்கம் கிழம். சராசரி போட்டால் இரண்டுமே மறைந்துவிடும். அதனால் தெருவாரியாக எழுதுங்கள்.

நோட்டை எங்கே கொண்டுபோவது

கிராம சபை வருசத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு கூட்டத்துக்கு ஒரே கோரிக்கை, ஒரே பக்கம், நான்கே எண்கள். நான் கொண்டுபோனது: குடும்பங்கள் எத்தனை, லைன் வீடுகளில் ஆட்கள் எத்தனை, குழாய்கள் எத்தனை, ஒரு குழாய்க்கு எத்தனை பேர். பேச்சை விட்டுவிட்டுப் பக்கத்தைத் தீர்மான நோட்டில் ஒட்டச் சொன்னேன். இரண்டு கூட்டம் கழித்து மேல்நிலைத் தொட்டிக்குத் தீர்மானம் ஆயிற்று. ரூம் பையன்கள் கூட்டத்துக்கு வரவில்லை. அவர்களுக்கு லீவு கிடையாது. அவர்களுக்காக அவர்கள் வீட்டுக்காரரே எழுந்து பேசினார், வாசலில் நான் எட்டு ஜோடிச் செருப்பைப் பார்த்த அதே வீட்டுக்காரர்.

மேலே டெல்லி வரைக்கும் இதே கணக்குதான் ஓடுகிறது. நம் மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடங்கள் இருந்தன. 1961 சென்சஸை வைத்து மறுவரையறை செய்தபோது, 1967 தேர்தலிலிருந்து 39 ஆயின. அதன்பின் 1971 கணக்கோடு இடங்களை நிறுத்தி வைத்தார்கள். 2001ல் கொண்டுவந்த 84ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 2026க்குப் பிறகு வரும் முதல் சென்சஸ் வரை அதை நீட்டியது. பிள்ளைகளைக் குறைத்துப் பெற்ற மாநிலத்துக்கு அதனால் குரல் குறையக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்த சென்சஸுக்கு 2027 மார்ச் 1 நள்ளிரவை எல்லைக்கோடாக அறிவித்திருக்கிறார்கள். ஆள் கணக்கு பிப்ரவரியில். பதினாறு வருசம் கழித்து எடுக்கிறார்கள். சாதியும் கேட்பார்கள், போனில் பதிவார்கள். அதற்குள் உங்கள் நோட்டை முடித்துவிடுங்கள். புது எண் வரும்போது ஒப்பிடக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். டீச்சர் யாராவது வாசலுக்கு வந்தால் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள், வெயிலில் நடந்து வந்திருப்பார். வயசை யோசித்துச் சொல்லுங்கள். பின்கட்டு ரூமில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி வந்து உட்கார வையுங்கள், அவர்கள் பேரையும் அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.